விரலில் 98, நெற்றியில் 64: மூளை ஆக்ஸிஜன் மெஷின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தண்டையார்பேட்டைக்காரன். இதய ஆபரேஷன் தியேட்டரில் அனஸ்தீஷியா டெக்னீஷியன் வேலை. டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐ.சி.யூ. வாசலில், டீக்கடையில், சில சமயம் சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட ஆட்கள் என்னைப் பிடித்து வைத்துக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே பதிலைப் பத்து தடவை சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

"தம்பி, விரல்ல மாட்டின மெஷின் 98 காட்டுது, நெத்தியில ஒட்டின மெஷின் 64தான் காட்டுது. அப்பாவுக்கு மூளைக்குக் காத்து போகலையா?"

போகிறது. இரண்டு மெஷினும் ஒரே பொருளை அளக்கவில்லை, குழப்பம் அங்கேதான்.

மெட்ரோ வாட்டர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தெருமுனைக்கு வரும்போது டேங்க் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது விரல் மெஷினின் வேலை. அது தமனி ரத்தத்தின் துடிப்பை மட்டும் பிரித்துப் பார்க்கிறது, அதாவது நுரையீரலில் இருந்து நிரம்பி வரும் ரத்தம். 98 என்றால் லாரி கிட்டத்தட்ட நிரம்பி வந்திருக்கிறது. நெற்றி மெஷின் அப்படிப் பிரிப்பதில்லை. அந்த இடத்துத் திசுவில் இருக்கும் எல்லா ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறது, அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிரை ரத்தம், அதாவது தெரு முழுக்கக் குடம் பிடித்து முடித்த பிறகு திரும்பிப் போகும் லாரி. (எங்கள் தெருவில் மிச்சம் என்று ஒன்று இருக்கவே இருக்காது, அது வேறு கதை.)

கணக்காகவே போட்டுப் பாருங்கள். வரும் ரத்தம் 98, மூளை எடுத்துக்கொண்டது போகத் திரும்பும் ரத்தம் 60 என்று வைத்தால், கால் பங்கு 98, முக்கால் பங்கு 60, கூட்டினால் 70க்குப் பக்கத்தில் வரும். பெரும்பாலானவர்களுக்கு 55 முதல் 75 வரைக்குள் எங்காவது நிற்கும். 64 சாதாரண எண். மார்க் ஷீட் மாதிரி நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பதால்தான் வயிறு கலங்குகிறது.

வெளிச்சம் எப்படி மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும்?

சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரிகளில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து விரல் சிவக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். டார்ச்சில் இருந்து வந்தது வெள்ளை வெளிச்சம், கையைத் தாண்டி வந்தது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிட்டது. சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் தொடக்கப் பகுதி இன்னும் தாராளமாக உள்ளே போகும். ஏறக்குறைய 700 முதல் 900 நானோமீட்டர் வரை உடம்பில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அதற்குக் கீழே ஹீமோகுளோபின் விழுங்கும், மேலே போனால் தண்ணீர் விழுங்கும்.

இதைப் பிடித்தவர் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ். 1977இல் கட்டுரை வெளியிட்டார். வீட்டுச் சாப்பாட்டில் வந்த மாட்டின் தோள்பட்டை எலும்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது, எலும்பின் ஊடாகச் சிவப்பு ஒளி வருவதைக் கவனித்ததுதான் ஆரம்பம் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பீஃப் பிரியாணி அண்டாவைச் சுற்றி வளர்ந்த நாம் எத்தனை எலும்பைத் தூக்கிப் போட்டிருப்போம், ஒருத்தனும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம் எங்கள் ஏரியாக்காரர்களுக்காக. இந்தியாவின் முதல் இதய பைபாஸ் ஆபரேஷன் 1975இல் நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. யோப்சிஸின் கட்டுரைக்கே அப்போது இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

வெளிச்சம் உள்ளே போனால் ஆக்ஸிஜன் எப்படித் தெரியும்?

காசிமேட்டில் மீன் வாங்கத் தெரிந்தவர் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பளிச்சென்று சிவப்பாக இருந்தால் பை நீளும், பழுப்படித்திருந்தால் அடுத்த கூடைக்குப் போய்விடுவார். அங்கே நடக்கும் வேதியியல் வேறு, மீன் பழசானதால் வரும் நிறம் அது. ஆனால் ரத்தத்தின் நிறத்தை வைத்து நிலைமையைச் சொல்வது என்கிற வித்தை ஒன்றுதான்.

ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் வெளிச்சத்தை ஒரே மாதிரி விழுங்குவதில்லை. சுமார் 800 நானோமீட்டரில் இரண்டும் சமம். அதற்குக் கீழே இறக்கிவிட்டது அதிகம் விழுங்கும், மேலே ஏற்றிக்கொண்டது அதிகம் விழுங்கும். ஆகவே இரண்டு நிறத்தை, உதாரணமாக 730ஐயும் 810ஐயும், மாற்றி மாற்றி உள்ளே அனுப்பி எது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால் விகிதம் கிடைத்துவிடும். விரல் மெஷினும் இதே தத்துவம்தான், ஜப்பானில் தகுவோ அவோயாகி 1974இல் கொண்டுவந்தது. அது துடிப்பை நம்புகிறது, நெற்றி மெஷினுக்குத் துடிப்பே வேண்டாம். பைபாஸ் பம்ப் (ஆபரேஷனில் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும்போது அதன் வேலையைச் செய்யும் மெஷின்) ஓடும்போது நாடித்துடிப்பு இல்லாமல் விரல் மெஷின் கோடு தட்டையாகிப் பயனில்லாமல் நிற்கும், அந்த நேரத்திலும் நெற்றி மெஷின் எண் சொல்லிக்கொண்டிருக்கும். தியேட்டரில் இதற்கு மரியாதை வந்தது அதனால்தான்.

தோல், எலும்பு எல்லாவற்றிலும் ரத்தம் இருக்கிறதே. மூளையைத்தான் பார்க்கிறது என்று எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. முழுசாக நம்ப வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில்.

ஒட்டும் பட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு ஓரத்தில் விளக்கு, கொஞ்சம் தள்ளி ஒரு கண், இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு கண். சில பட்டைகளில் 3 சென்டிமீட்டரும் 4 சென்டிமீட்டரும். வெளிச்சம் நேராகப் போய் நேராகத் திரும்புவதில்லை, உள்ளே முட்டி மோதிச் சிதறி, வாழைப்பழம் மாதிரி வளைந்து வெளியே வருகிறது. கிட்டே இருக்கும் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் மேல் தோலையும் எலும்பையும் தொட்டுவிட்டு வந்தது. தூரத்துக் கண்ணுக்கு வருவது அதைவிட ஆழம் போய் வந்தது. ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் மேலோட்டமானது போய், உள்ளே இருப்பது மிஞ்சும். அப்படியும் தோலின் பங்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

ஆழம் என்று நான் சொல்வதும் பெரிய ஆழம் இல்லை. இரண்டு சென்டிமீட்டர் போனால் அதிகம். முன்மூளையின் மேல் விளிம்பு மட்டும்தான் தெரியும். பின்னந்தலையில், அடியில், நடுவில் என்ன நடக்கிறது என்று இந்த மெஷினுக்குத் தெரியவே தெரியாது.

எந்த எண்ணுக்குக் கீழே போனால் பயப்பட வேண்டும்?

எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணைக் கேட்கிறார்கள். இல்லை. அவரவர் தொடக்க எண்தான் அளவுகோல். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே ஒட்டி, ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது இடம் வலம் இரண்டு பக்க எண்ணையும் குறித்துக்கொள்வோம். அதில் இருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால், அல்லது 50க்குக் கீழே போனால், தியேட்டரில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். 70இல் தொடங்கியவருக்கு 56 என்பது செய்தி. 57இல் தொடங்கியவருக்கு அதே 56 ஒன்றுமே இல்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கழுத்தில் ஊசிக்குழாய் போடுவதற்காகத் தலையை வலது பக்கம் நன்றாகத் திருப்பி வைத்திருந்தோம். இரண்டு பக்கமும் 66, 67 என்று இருந்தது. குழாய் போட்டு முடித்து, துணி விரித்து, வேலை ஆரம்பித்தாயிற்று. வலது 66லேயே நிற்கிறது, இடது மட்டும் 60, 57, 53 என்று இறங்குகிறது. ரத்த அழுத்தம் சரி, விரலில் 99. டாக்டர் முதலில் கேட்டது, "தலை நேரா இருக்கா பாரு." துணிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் தலை திருப்பி வைத்தபடியே இருக்கிறது. இரண்டு கையாலும் மெதுவாக நேராக்கினேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் 63க்கு வந்துவிட்டது. மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. அன்றைக்கு அந்த மெஷின் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்திருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

தலை நேராக இருந்தும் ஏறவில்லை என்றால் வரிசையாகப் பார்ப்போம்: பம்ப் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா, அழுத்தம் போதுமா, ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துவிட்டதா, ஹீமோகுளோபின் இறங்கிவிட்டதா. கார்பன் டை ஆக்ஸைடு என்றதும் பலர் ஆச்சரியப்படுவார்கள். அதை நாம் கழிவு என்றுதானே படித்தோம்? ஆனால் மூளையின் ரத்தக் குழாய்கள் அதற்குத்தான் அதிகம் கட்டுப்படும். வெண்டிலேட்டர் வேகமாக ஓடி அது ஒரு மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்தால், மூளைக்கான ரத்த ஓட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் சுருங்கும். பத்து குறைந்தால் பாருங்கள்.

எண் நன்றாக இருந்தால் மூளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. லாரிக் கணக்குக்கே திரும்பி வாருங்கள். தெருவில் குடம் பிடிக்க ஆளே இல்லை என்றால் லாரி நிரம்பியபடியே திரும்பிப் போகும். செத்துப்போன திசு ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளாது, எண் அழகாக நிற்கும். ஆழ்ந்த மயக்கத்திலும், உடம்பைக் குளிரூட்டும்போதும் செலவு குறைவதால் எண் ஏறும், அது நல்ல ஏற்றம். எண் ஒன்று, காரணம் பல. அதனால்தான் கண்ணாடிக்கு வெளியே நின்று, "பக்கத்து பெட்டுக்காரருக்கு 74, நம்ம ஆளுக்கு 61" என்று ஒப்பிட வேண்டாம் என்று கெஞ்சுகிறேன்.

ரத்த ஓட்டத்தை நேரடியாக அளக்க முடியாதா?

முடியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், உடம்பின் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்கிறது. 100 கிராம் திசுவுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். அது 20க்குக் கீழே போனால் மின் இயக்கம் தடுமாறும், 10க்குக் கீழே செல் சாகத் தொடங்கும். இந்த மில்லிக் கணக்கு நெற்றிப் பட்டையில் வராது.

படுக்கைப் பக்கத்திலேயே செய்யக்கூடியது டாப்ளர். 1982இல் ரூனே ஆஸ்லிட் காட்டிய வழி. காதுக்கு முன்னே, கன்ன எலும்புக்கு மேலே எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் ஜெல் தடவி, 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியலைக் குச்சியை வைத்து ரத்தம் ஓடும் வேகத்தைக் கேட்பது. கேட்பது என்றே சொல்கிறேன், ஸ்பீக்கரில் உஷ், உஷ் என்று வரும். பழகிய காது திரையைப் பார்க்காமலே நரம்பா தமனியா என்று சொல்லிவிடும் (நம் பேச்சில் சிரையைத்தான் நரம்பு என்கிறோம், அதைச் சொன்னேன்). ஆனால் அது சொல்வது வேகத்தை, அளவை அல்ல. ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறும், அதற்காக அதிகத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தமா? அந்தச் சீறலேதான் சில நோய்களில் துப்பு. மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கு அடியில் ரத்தக் கசிவு வந்தவருக்கு சில நாள் கழித்துக் குழாய் சுருங்கும். நடு மூளைத் தமனியில் வேகம் விநாடிக்கு 120 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம், 200ஐத் தாண்டினால் தீவிரம். நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் காணப்படும் அரிவாள் செல் சோகையில் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்), குழந்தைகளுக்கு இதே 200 என்கிற கோட்டை வைத்து ரத்தம் ஏற்றினால் ஸ்ட்ரோக் பெருமளவு தடுக்கப்படுகிறது என்று 1998இல் நிரூபித்தார்கள். குறை என்னவென்றால் பத்தில் ஒருவருக்கு அந்த எலும்பு ஜன்னல் திறக்காது, வயதான பெண்களுக்கு இன்னும் அதிகம். எவ்வளவு தேடினாலும் சத்தம் வராது.

லேசரை உள்ளே விட்டு, சிதறி வரும் புள்ளிகள் எவ்வளவு வேகமாக மினுக்குகின்றன என்பதை வைத்து ஓட்டத்தைக் கணிக்கும் முறையும் இருக்கிறது. பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சிக் கூடத்துச் சரக்கு.

எம்.ஆர்.ஐ., சி.டி. எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

படம் வேண்டுமென்றால் அவைதான். ஊசி மருந்தே இல்லாமல் ரத்தத்தையே அடையாளமாக்கி ஓட்டத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறைகூட உண்டு. ஆனால் நெஞ்சு திறந்து கிடக்கும் ஆளை எம்.ஆர்.ஐ. குகைக்குள் தள்ள முடியுமா? அது ஒரு நேரத்துப் புகைப்படம், இது நாள் முழுக்க ஓடும் சிசிடிவி, மங்கலானதுதான்.

ஸ்ட்ரோக் வந்தவருக்கு இதை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

தெரியாது. தயவு செய்து இதைத் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். முகம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் 108ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எங்கள் பக்கம் என்றால் ஸ்டான்லி. அடைப்பா கசிவா என்பதை சி.டி.தான் சொல்லும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டினால் அதில் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும்.

குறைமாதக் குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது. அதற்கும் ஒட்டுவார்களா?

சில இடங்களில் ஒட்டுகிறார்கள். பிஞ்சு மண்டையோடு மெல்லிசு, வெளிச்சம் நன்றாகப் போகும், அளவும் பெரியவர்களைவிடத் தெளிவாக வரும். ஆனால் "அந்த மெஷின் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்துட்டேனே" என்று ராயபுரத்தில் ஒரு அம்மா என்னிடம் அழுதார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 1,601 குறைமாதக் குழந்தைகளை வைத்து ஐரோப்பாவில் தொடங்கிப் பல நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது, முடிவு 2023இல் வந்தது. மெஷின் ஒட்டிக் கவனித்த குழந்தைகளுக்கும் ஒட்டாமல் வழக்கமான கவனிப்பில் இருந்த குழந்தைகளுக்கும் சாவிலோ கடுமையான மூளை பாதிப்பிலோ வித்தியாசம் இல்லை. எண்ணைப் பார்ப்பது வேறு, பார்த்ததால் குழந்தை பிழைப்பது வேறு. நர்ஸ் கை கழுவுகிறாரா, தாய்ப்பால் போகிறதா, அதைக் கேளுங்கள்.

நாம கறுப்பு. எண் தப்பாக வராதா?

கொஞ்சம் வரலாம். தோலின் கறுப்பு நிறமியும் வெளிச்சத்தை விழுங்கும். விரல் மெஷின் கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது உண்டு என்று 2020இல் பெரிதாகப் பேசப்பட்டது. நெற்றி மெஷின் சிலவற்றில் எதிர்ப்பக்கமாக, குறைத்துக் காட்டுவதாக அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. கடும் மஞ்சள் காமாலை இருந்தாலும் எண் இறங்கித் தெரியும். மறுபடியும் அதேதான், அவரவர் தொடக்க எண்ணோடு ஒப்பிட்டால் இந்தக் கோளாறு பெருமளவு கழன்றுவிடும். நிறமி ஆபரேஷன் நடுவில் மாறப் போவதில்லை.

வெளிச்சம் உள்ளே போவதால் மூளை சூடாகுமா? நினைப்பதைப் படித்துவிடுமா?

சூடாகாது, எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சும் இல்லை. நினைப்பதைப் படிக்காது. இதே தத்துவத்தில் தொப்பி மாதிரி மாட்டி, மூளையில் எந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி 1993 வாக்கில் தொடங்கியது. கணக்குப் போடும்போது நெற்றிப் பக்கம் ரத்தம் கூடும், அவ்வளவு தெரியும். என்ன கணக்கு என்று தெரியாது.

வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். பட்டையே ஒரு ஆளுக்கு ஒன்று, விலையும் அதிகம். பில்லில் தனி வரியாக வந்தால் என்னவென்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டில் ஏதாவது செய்ய வேண்டுமா?

நெற்றியைச் சுத்தமாக வைத்து அனுப்புங்கள். காலையில் கோயிலுக்குப் போய் விபூதி, குங்குமம், சந்தனம் எல்லாம் இட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்புவீர்கள், மனசு புரிகிறது. ஆனால் நாங்கள் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும்போது பாட்டிகள் கண் கலங்கிவிடுகிறார்கள். ஒரு காசிமேட்டுப் பாட்டிக்குப் புருவ மத்தியில் பச்சை குத்தியிருந்தது, எழுபது வருஷத்துப் பொட்டு. அந்தப் பச்சை வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதன் மேல் ஒட்டினால் மெஷின் உளறும். இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுக்கி, புருவத்துக்கு மேலே ஒட்டினேன். "பொட்டை அழிச்சிடாதப்பா"ன்னு சொன்னார். அது அழியாது பாட்டி என்றேன். வெளியே வந்தபோது பட்டை ஒட்டிய தடம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது, மறுநாள் அதுவும் இல்லை.